நிர்வாகச் செலவை முன்மொழிவில் வெளிப்படையாகக் கேட்கலாமா?

கேள்வி

வணக்கம். குழந்தைகளுக்கு மாலை நேர வாசிப்பு வகுப்புகள் நடத்தும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் செயலாளராக இருக்கிறேன். தனிநபர் நன்கொடைகளைக் கொண்டே இதுவரை இயங்கிவந்த நாங்கள், முதன்முறையாக ஓர் அறக்கட்டளைக்குத் திட்ட முன்மொழிவு அனுப்பத் தயாராகி வருகிறோம். பட்ஜெட் பகுதியில்தான் எங்கள் நிர்வாகக் குழுவில் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. கணக்காளரின் சம்பளம், அலுவலக வாடகை, தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றைத் தனியாகக் காட்டினால் விண்ணப்பத்தை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள் என்றும், அவற்றைப் பயிற்சிச் செலவுக்குள்ளும் பயணச் செலவுக்குள்ளும் சேர்த்துவிட வேண்டும் என்றும் பொருளாளர் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவரை ஏற்கச் செய்யும் அளவுக்கு ஆதாரம் என் கையில் இல்லை.

இன்னொன்று. தேவையை விளக்கும் பகுதியை, "சுற்றுப்பகுதிகளில் வாசிப்பு வகுப்புகள் இல்லை, எனவே அங்கும் வகுப்புகள் தொடங்க நிதி கோருகிறோம்" என்று தொடங்கியிருக்கிறோம். இது போதுமா?

பதில் 1

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து மறைக்காதீர்கள். பயணத் தலைப்பில் பெற்ற பணத்தை வாடகைக்குச் செலவழித்தால், ஆண்டு முடிவில் அதற்கான ரசீது உங்களிடம் இருக்காது. தணிக்கையில் அது தலைப்பு மாறிய செலவாகவே பதிவாகும். அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கும் உரிமை நிதி வழங்கியவருக்கு உண்டு. அடுத்த விண்ணப்பத்தின்போதும் அந்தத் தணிக்கை அறிக்கை உங்களோடு கூடவே வரும்.

நிர்வாகச் செலவைக் கேட்டாலே நிராகரிப்பார்கள் என்ற அச்சம் பழையது; ஆனால் நிதி வழங்கும் பெரிய நிறுவனங்களின் விதிகளே அதற்கு எதிராகத்தான் நகர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை, திட்டங்களுக்குத் தரும் நல்கைகளில் (நிதியுதவிகளில்) மறைமுகச் செலவுக்கு, அதாவது ஒரு திட்டத்துக்கென்று மட்டும் பிரித்துக் காட்ட முடியாத வாடகை, கணக்கு, தணிக்கை போன்ற பொதுச் செலவுக்கு, அளித்துவந்த 10 சதவீதத்தை 2016 முதல் 20 ஆக்கியது. பின்னர் அதையும் 25 ஆக உயர்த்தியது. அமெரிக்கக் கூட்டரசு நல்கைகளில், தனியாகப் பேசி முடிவுசெய்த விகிதம் இல்லாத நிறுவனங்கள் கோரக்கூடிய அளவு 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப், தகுதியுள்ள நேரடிச் செலவில் (திட்டத்துக்கென்றே ஆகும் செலவில்) 25 சதவீதத்தை மறைமுகச் செலவுக்கு நேராகவே தந்துவிடுகிறது. இவர்கள் எவரும் தாராள மனத்தால் மட்டும் இதைச் செய்யவில்லை. கணக்காளர் இல்லாத நிறுவனத்திலிருந்து ஒழுங்கான கணக்கு வராது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

நிறுவனங்கள் செலவைக் குறைத்துக் காட்டக் காட்ட, அவ்வளவே போதும்போலும் என்று நிதி வழங்குபவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நிறுவனங்கள் மேலும் குறைத்துக் காட்டுகின்றன. உங்கள் பொருளாளரின் யோசனை இந்தச் சுழலுக்குள்தான் கொண்டுபோய்விடும்.

பதில் 2

நான் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுக்களில் இருந்திருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

"வகுப்பு இல்லை, எனவே வகுப்பு வேண்டும்" என்பதில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. தீர்வு இல்லாமையைச் சிக்கல் என்று எழுதிவிட்டால், வாசிப்பவருக்கு இயல்பாக எழும் கேள்விகளுக்கு இடமில்லாமல் போகிறது. எந்த வயதுக் குழந்தைகளுக்கு எது வாசிக்க வரவில்லை? அது எப்படித் தெரிந்தது? பள்ளியில் நடப்பது ஏன் போதவில்லை? மாலை நேரத்தில் மட்டும் அது எப்படிச் சரியாகும்? நீங்கள் ஏற்கெனவே வகுப்புகள் நடத்துபவர்கள். சேரும் நாளில் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் குறித்துவைத்த பதிவேடு உங்களிடம் இருக்குமானால், முன்மொழிவின் முதல் பத்தி அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். "நான்காம் வகுப்புக் குழந்தைகளில் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை" என்பதுபோன்ற ஒரே வாக்கியம், கல்வியின் மேன்மை குறித்த ஒரு முழுப் பக்கத்தைவிட வலிமையானது. பதிவேடு இல்லையென்றால், விண்ணப்பத்துக்கு முன், குழந்தைகளின் இப்போதைய வாசிப்பு நிலையைக் கண்டறியும் ஒரு சிறிய ஆய்வு செய்துவிடுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை.

அதே இடத்தில் இன்னொரு குழப்பமும் வரும். எத்தனை வகுப்புகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள் என்பவை நீங்கள் செய்த வேலையின் அளவு மட்டுமே. குழந்தை சரளமாக வாசிக்கிறதா என்பதுதான் விளைவு. பெரும்பாலான விண்ணப்பங்கள் முன்னதை எழுதிவிட்டு நின்றுவிடுகின்றன. 1969இல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமைக்காக உருவாக்கப்பட்ட லாக்ஃப்ரேம் அட்டவணையை இன்றும் பல நிறுவனங்கள் கேட்பது இதற்காகத்தான்: ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே அதை எதைக் கொண்டு அளப்பீர்கள், அந்தச் சான்று எங்கே கிடைக்கும், எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் அது நடக்கும் என்று எழுதவேண்டியிருக்கும். கடைசிக் கட்டத்தைப் பலரும் ஒப்புக்குத்தான் நிரப்புகிறார்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான், ஏனெனில் களம் தெரிந்தவர்களால் மட்டுமே அதை நேர்மையாக நிரப்ப முடியும்.

பதில் 3

அந்த அறக்கட்டளை இதற்குமுன் யார் யாருக்கு, எவ்வளவு தொகை வழங்கியிருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். அறிவிப்பிலுள்ள விதிகள் தடை செய்யாவிட்டால், திட்ட அலுவலருக்கு ஒரு சுருக்கமான கடிதம் எழுதி, மறைமுகச் செலவுக்கு அவர்களிடம் வரம்பு உண்டா என்று கேட்டுவிடலாம். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேடு எங்களிடம் இருக்கிறது. அதை முன்மொழிவில் சேர்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு ஐயம்: அவர்களின் வரம்பு 10 சதவீதம் என்றும், எங்கள் உண்மையான நிர்வாகச் செலவு அதைவிட அதிகம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது என்ன செய்வது?

பதில் 1-ஐ எழுதியவர்

முதலில், நீங்கள் நிர்வாகச் செலவு என்று கருதுவதெல்லாம் மறைமுகச் செலவுதானா என்று பாருங்கள். கணக்காளர் தம் நேரத்தில் 40 சதவீதத்தை இந்தத் திட்டத்துக்காகவே செலவிடுகிறார் என்றால், அவருடைய நேரப் பதிவேட்டின் அடிப்படையில் சம்பளத்தின் அந்தப் பங்கை நேரடிச் செலவாகவே காட்டலாம். அவர்களுடைய விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாடகையையும் வகுப்பறைக்குப் பயன்படும் பரப்பளவைக் கொண்டு பிரிக்கலாம். பொருளாளர் சொன்ன வழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, எந்தக் கணக்கில் பிரித்தீர்கள் என்பதைப் பட்ஜெட் விளக்கத்தில் வாக்கியமாக எழுதிவைப்பதுதான். ஒரே செலவை நேரடியாகவும் மறைமுகமாகவும் இருமுறை காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின்னும் மிஞ்சும் தொகையைத் தனிநபர் நன்கொடையிலிருந்து ஈடுசெய்வதாக இருந்தால், அதை "நிறுவனத்தின் பங்களிப்பு" என்ற தலைப்பில் பட்ஜெட்டிலேயே காட்டுங்கள். ஈடுசெய்ய வழியில்லை என்றால், அந்த நல்கைக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது. திட்டம் தொடங்கிப் பாதியில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தர முடியாத நிலை வந்தால் பாதிக்கப்படுவது வகுப்புக்கு வரும் குழந்தைகள்தான்.