தி க்யூர் முதல் சிங்கிள்: இது முதல் பதிப்புதானா?

நண்பர்களே, தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் சிங்கிளான (தனிப்பாட்டு வெளியீடு) ‘கில்லிங் ஆன் அராப்’ ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 1978 டிசம்பரில் ஸ்மால் வொண்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்த முதல் பதிப்பு என்று சொல்லித்தான் கடைசியாக வைத்திருந்தவர் விற்றார், ஆனால் 1979இல் ஃபிக்‌ஷன் நிறுவனத்திலும் மறுபடி வந்ததே, அதனால்தான் சந்தேகம். உறையில் ஸ்மால் வொண்டர் பெயர் இருக்கிறது, தட்டின் நடுவில் ஒட்டிய காகித லேபிள் பாதி உரிந்து எதுவும் படிக்க முடியவில்லை. பாட்டு முடிந்தபின் வரும் வழவழப்பான வளையத்தில் மட்டும் மங்கலாக ஏதோ எழுத்துகள் தெரிகின்றன.

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலில் பிறந்த பாட்டு இது, அதைச் சிலர் இனவெறிக்குப் பயன்படுத்தியதால் இந்தக் குழுவின் 1986 பாடல் தொகுப்பின் மேல் கண்டனச் சீட்டே ஒட்ட வேண்டியதாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, விற்பதற்காகக் கேட்கவில்லை. என் தட்டில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, அசல் வைத்திருப்பவர்கள் அந்த வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்களேன், இரண்டு பக்கமும்.