‘செட்’ என்ற சொல் உங்களை எங்கே மாட்டிவிட்டது?

தேன்மொழி_லீட்ஸ்:
அம்மா இங்கிலாந்து வந்திருந்தபோது பனியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நேராக அம்மாவிடமே, “வி ஹேவ் டு செட் இட்” என்றார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா இடது கையால் பல்செட்டைக் கழற்றி அவரிடம் நீட்டிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்த செட் அதுதானே! உடைந்த எலும்பை இடத்தில் சேர்த்து வைப்பதற்கும் அதே சொல்தான் என்று அவருக்கு யார் சொன்னது? டாக்டர் இரண்டு கையாலும் வாங்கி ஒரு டிஷ்யூவில் வைத்தார். அந்த நீட்டிய கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கொத்தனார்மகன்:
ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் இதுதானாம். எனக்குக் கான்கிரீட்டில். தளம் போட்ட சாயங்காலம், வெளிமாநில இன்ஜினியர் போனில் “செட் ஆயிடுச்சா?” என்றார். இறுகிவிட்டதா என்பது அவர் கேள்வி. மேஸ்திரியோ ஆள், சாமான் எல்லாம் தயார் என்ற அர்த்தத்தில் “எல்லாம் செட் சார்” என்றார். உடனே செங்கல் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் தளத்தில் ஒரு முழுப் பாதத் தடம், ஐந்து விரலும் தெரிய.

வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். இறுகுவது வேறு, பலம் பிடிப்பது வேறு. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. அதுவும் ஆய்வகச் சோதனையில். பலம் வர நாளாகும். பாத்தி கட்டி 7 நாளாவது தண்ணீர் நிறுத்துங்கள். தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளம் என்றால் அடியில் கொடுத்த முட்டுக்கால்களை 7 நாளுக்கு முன் பிரிக்க விடாதீர்கள், அதற்கு மேல் போனால் 14 நாள். கலவை இளக்கமாக வரட்டும் என்று யாராவது தண்ணீரைக் கூட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அகராதிப்பித்தன்:
தளம் போடுவது பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே. அப்புறம், அந்த ‘அதிக அர்த்தம்’ பழைய கணக்கு. 1989 ஆக்ஸ்போர்டு பேரகராதியில் ‘செட்’டுக்கு 430 பொருள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினை 645 பொருளோடு முந்திவிட்டது. இன்னொன்று, இது ஒரே சொல்லும் அல்ல. எலும்பைச் ‘செட்’ செய்வது பழைய ஆங்கில வினை, ‘சிட்’டுக்கு உறவு. தொகுதி என்ற பொருளில் வருவது பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்து, பிற்பாடு இதோடு கலந்தது. தமிழ்வழியில் படித்த ஒரு பெண் என்னிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழே விரலை இழுத்துக்கொண்டே போனாள். “ஐயா, இதில் எதை எழுத?” என்றாள். அந்த விரல் பக்கத்தின் அடி வரை போயும் நிற்கவில்லை.

வார்டு_நர்ஸ்:
வேர் எதுவானால் என்ன பித்தன் சார், படுத்திருப்பவர் காதில் ஒரே சத்தம்தான் விழுகிறது. நாடி, பிரஷர், காய்ச்சல் எல்லாம் சேர்த்துப் பார்ப்பதை இங்கே நாங்களே ‘ஒரு செட் ஆப்ஸ்’ (ஆப்சர்வேஷன்ஸ்) என்கிறோம். “இன்னொரு செட்” என்றதும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், இன்னொரு ஆபரேஷன் என்று நினைத்துப் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தேன்மொழி, இங்கிலாந்து அரசு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை. அடுத்த முறை அப்பாயின்ட்மென்ட் போடும்போதே ‘தமிழ்’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.