பிள்ளையின் தோலும் நோகாமல் முயலின் கண்ணும் நோகாமல் ஒரு வோஷிங் பவுடர்

கல்லடி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர்: நான், அவர், மாமி, ஒன்பது வயது மகள், ஒன்றரை வயது மகன். மகனுக்கு ஆறு மாதத்திலிருந்தே கரப்பன். கழுத்து மடிப்பு, முழங்கையின் உட்பக்கம், முழங்காலுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து தடித்துவிடும். இரவில் நித்திரையிலும் சொறிவான். காலையில் பார்த்தால் தலையணை உறையில் இரத்தப் பொட்டு இருக்கும். கிளினிக்கில் டொக்டர் பூச மருந்து தந்தார். கூடவே, "உடுப்புக் கழுவுற தூளையும் ஒருக்கா மாத்திப் பாருங்கோ" என்றார். எதற்கு மாற்றுவது என்று கேட்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

லண்டனில் இருக்கும் அக்கா பொதி அனுப்பும்போது எக்கோவர் என்ற திரவம் ஒரு போத்தல் வைத்திருந்தார். போத்தலில் பாயும் முயல் படம் போட்டிருந்தது. மகனின் உடுப்பை மட்டும் அதில் கழுவினேன். அந்த இரண்டு மாதமும் அவன் சொறிந்தது குறைவு. போத்தல் முடிந்தது, பழைய தூளுக்குத் திரும்பினேன், ஒரு கிழமையில் கழுத்து மறுபடி சிவந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் லண்டனிலிருந்து சவர்க்காரம் வரவழைத்துக் கழுவ எங்களால் முடியாது. கடல் தொழில் செய்யும் குடும்பம்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துவிட்டது. அந்தப் போத்தலில் முயல் ஏன் இருக்கிறது என்று மகள் கேட்டாள். அவள் வெள்ளச்சி என்று ஒரு முயல் வளர்க்கிறாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. சில கம்பனிகள் சவர்க்காரத்தையும் தூளையும் முயலின் கண்ணில் விட்டுச் சோதிப்பார்கள், இந்தக் கம்பனி அப்படிச் செய்யாது, அதற்கான அடையாளம்தான் இது என்றேன். அவள் நேரே கிணற்றடிக்குப் போய் எங்கள் தூள் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இதையும் முயலின்ட கண்ணில போட்டாங்களா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையை அந்தத் தூளில் போட விடுகிறாள் இல்லை.

அதனால் கேட்கிறேன். மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் வாங்கக்கூடியதாக, பிள்ளையின் தோலுக்கு இதமாக, எந்த உயிரையும் வதைக்காததாக ஏதாவது இருக்கிறதா? எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குழாய்த் தண்ணீரும் இருக்கிறது, பில் கூடும் என்று மாமி உடுப்புக்குக் கிணற்றைத்தான் பாவிக்கிறார். வெள்ளைச் சீருடை வெள்ளையாகவும் இருக்க வேண்டும். அவருடைய சாரத்தில் மீன் வாடையும் போக வேண்டும்.

ஏறாவூர் தம்பி எழுதியது:

அக்கா, முதலில் பிள்ளையின் தோலைப் பாருங்கள். முயல் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். வாசனை இல்லாத தூள் எது கிடைத்தாலும் வாங்குங்கள். எங்கள் வீட்டில் தூளைப் பாதியாகக் குறைத்து, அலசுவதை மூன்று தண்ணீராக்கியதிலேயே சின்னவளின் சொறி அடங்கியது.

கல்லடி அம்மா எழுதியது:

நன்றி தம்பி. மூன்று தண்ணீர் அலசுவதை இன்றே தொடங்குகிறேன். ஆனால் முயலைப் பிறகு பார்க்கலாம் என்று மகளிடம் என்னால் சொல்ல முடியாது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்குமென்றுதான் நினைக்கிறேன்.

காரைதீவு ஓய்வாசிரியர் எழுதியது:

மகள், நான் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு நேரான பதில் இருக்கிறது.

முயலின் கண்ணில் பொருளை விட்டுப் பார்க்கும் சோதனைக்கு டிரெய்ஸ் சோதனை என்று பெயர். 1944 இல் அமெரிக்காவில் ஜோன் டிரெய்ஸ் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதிய முறை. முயலுக்குக் கண் பெரிது, கண்ணீர் குறைவு, சாதுவான பிராணி. அதனால்தான் அதைப் பிடித்தார்கள். இன்று இப்படி விலங்கின் கண்ணிலும் தோலிலும் செய்யும் சோதனைகளுக்கு மாற்று வழிகள் இருக்கின்றன. ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதத் தோல் உயிரணுக்களில் எரிச்சலைச் சோதிக்கும் முறையை, பல நாடுகள் சேர்ந்து சோதனை முறைகளை வகுக்கும் ஓஈசீடி அமைப்பு 2010 இல் ஏற்றுக்கொண்டது. இதை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளில் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையை 2013 இல் முழுதாகத் தடுத்தது. ஆனால் உடுப்புக் கழுவும் தூள் அழகுசாதனம் அல்ல, அந்தத் தடைக்குள் வராது. அதனால், "ஐரோப்பாச் சாமான், முயலை வதைத்திருக்க மாட்டார்கள்" என்று நினைக்க முடியாது. பக்கற்றில் யாரும் ஒரு முயல் படம் கீறிவிடலாம். "விலங்குகளில் சோதிக்கப்படாதது" என்ற வாசகத்துக்கு அமெரிக்காவில் சட்ட வரையறைகூடக் கிடையாது. அக்கா அனுப்பிய போத்தலில் இருந்த பாயும் முயல் வேறு. அந்த முத்திரை வாங்க வேண்டுமானால் மூலப்பொருள் கொடுப்பவர்கள் வரை கணக்குக் காட்ட வேண்டும், வெளியாள் வந்து பரிசோதிக்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

அந்த முத்திரை உள்ளதை ஊர்க் கடையில் தேடி அலையாமல் இன்னொரு பக்கமாக யோசிக்கலாம் என்பது என் எண்ணம். புதிதாக ஒரு வாசனை, புதிதாக ஓர் இரசாயனம் சேர்க்கும்போதுதான் பெரும்பாலும் புதிதாகச் சோதிக்கிறார்கள். தேங்காயெண்ணெயும் காரமும் சேர்ந்த வெறும் சவர்க்காரமோ நுரை தரும் பூவந்திக்கொட்டையோ பல தலைமுறை மனிதத் தோலிலேயே பாவித்து வந்தவை. அவற்றுக்காக இனி ஒரு முயலைக் கட்டிவைக்கத் தேவையில்லை.

இனி மகனின் தோல். கரப்பனுக்குத் தூள் மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம், டொக்டர் தந்த மருந்தை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் துணியில் தங்கும் தூள் ஏற்கெனவே புண்பட்ட தோலை இன்னும் எரிக்கும். நல்ல தோல் கொஞ்சம் அமிலத்தன்மையானது, பீஎச் என்ற அமில-கார அளவில் ஏறத்தாழ 5; 7 நடு, அதற்கு மேல் காரம். வோஷிங் பவுடர் கரைத்த தண்ணீர் 10ஐயும் தொடும். வியர்க்கும்போது அந்த மிச்சம் கரைந்து கழுத்து மடிப்புக்குள் நிற்கிறது. அதற்கு மேல் வாசனை. அதற்கும் மேல் வெள்ளை காட்டும் சாயம். அது அழுக்கை நீக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களை வாங்கி நீல ஒளியாக விடுகிறது, நம் கண்ணுக்கு வெள்ளை கூடினது போலத் தெரிகிறது. துணியில் ஒட்டி நிற்கவென்றே செய்யப்பட்ட பொருள் அது, அலசினாலும் முழுதாகப் போகாது. கள்ளக் காசுத்தாள் பார்க்கக் கடைகளில் ஓர் ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, அதன் கீழ் மகளின் சீருடைச் சட்டையைப் பிடித்துப் பாருங்கள். நீலமாக எரியும்.

உங்கள் கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடினால் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் பிசுக்காகத் திரண்டு துணியில் ஒட்டும். உப்பும் நுரையைக் குறைக்கும். நுரை வரவில்லை என்று நாம் இன்னும் அள்ளிப் போடுவோம். மகளோடு சேர்ந்து ஒரு பரிசோதனை செய்யுங்கள். ஒரே அளவான இரண்டு வெறும் போத்தல் எடுத்து, ஒன்றில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் பாதிக்குக் குழாய்த் தண்ணீரும் விடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். உங்கள் குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். குளத்து நீர் பொதுவாக மென்மையானது. நான் சொல்லித் தெரிவதைவிட மாமியும் பக்கத்தில் நின்று பார்த்தால் நல்லது.

மருதமுனை ராத்தா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தங்கச்சி. ஆசிரியர் பூவந்திக்கொட்டையைச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் வீடு கைத்தறி வீடு. வாப்பா நெய்த சாரனையும் சேலையையும் உம்மா ஒரு நாளும் தூளில் போட்டதில்லை. சாயம் கலங்கும் என்று பூவந்திதான். மருந்துச் சரக்குக் கடைகளில் கேளுங்கள், சிங்களக் கடையென்றால் பெனெல என்று கேட்க வேண்டும்.

விதையை எடுத்துவிட்டுத் தோல் மட்டும் ஒரு கை, எட்டுப் பத்துக் கொட்டைகளுடையது. ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, காலையில் கால் மணித்தியாலம் சிறு நெருப்பில் கொதிக்கவிட்டு, ஆறப் பிசைந்து துணியில் வடிக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கோப்பை. நுரை தூள் போலப் பொங்காது, பயப்படாதீர்கள். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு கிழமை நிற்கும், வெளியில் இருந்தால் புளித்துவிடும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. அந்தத் தண்ணீரை வாவிப் பக்கம் ஊற்ற வேண்டாம். பூவந்திச் சாறு மனிதருக்கு இதம், மீனுக்கு நஞ்சு. முந்தி அதை இடித்துத் தண்ணீரில் கலக்கி மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். தென்னைக்கோ வாழைக்கோ அடியில் ஊற்றுங்கள். எந்த வோஷிங் தண்ணீருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். வாவியில் ஆற்றுவாழை மண்டுவதைப் பார்க்கிறோம்தானே, பொசுபேற்று கலந்த தூள்த் தண்ணீரும் அதற்குப் பசளை.

சவர்க்காரம் வாங்கும்போது நான் ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பேன்: சோடியம் டாலோவேற்று. டாலோ என்றால் மாடு, ஆடு போன்றவற்றின் கொழுப்பு. எங்களுக்கு அது ஹலாலா என்ற கேள்வி. உங்கள் மகளுக்கு வேறு காரணம். பார்க்கும் சொல் ஒன்றுதான். சோடியம் கோகோவேற்று என்றிருந்தால் தேங்காயெண்ணெய். துணியை மெதுவாக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த பொருள் இருக்கும், வாசனையும் தூக்கும். மகனின் உடுப்புக்கு அது வேண்டவே வேண்டாம். கடைசித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் துணி மொரமொரக்காது. குளோரின் போட்டுக் கழுவிய வாளியில் மட்டும் வினாகிரி விடாதீர்கள், நச்சு வாயு வரும்.

காரைதீவு ஓய்வாசிரியர் எழுதியது:

ராத்தா சொன்ன வினாகிரி சரியானதுதான், மிஞ்சிய காரத்தை அது சமப்படுத்தும். மீன் சாரத்துக்கும் ஒன்று சொல்கிறேன். மீன் இரத்தம் பட்டதை முதலில் பச்சைத்தண்ணீரில் ஊறவிடுங்கள். சுடுதண்ணீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் இறுகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பூவந்தியின் பலம் போதாது. சலவைச் சோடாவும் பார்ச் சவர்க்காரமும் போட்டுத் தேயுங்கள். மகனின் உடுப்போடு ஒரே வாளியில் சேர்க்க வேண்டாம்.

கல்லடி அம்மா எழுதியது:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

போத்தல் பரிசோதனையை மகள்தான் செய்தாள், மாமி திண்ணையில் இருந்து பார்த்தார். குழாய்த் தண்ணீர்ப் போத்தலில் நுரை கழுத்து வரை வந்தது. கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலில் கொஞ்ச நுரை வந்து அடங்கி, பால் திரைந்தது போல மேலே வெள்ளைத் துகள் மிதந்தது. மாமி போத்தலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுவா புள்ளைட சட்டையில ஒட்டுற?" என்று கேட்டார். அன்று பின்னேரம் மகனின் உடுப்பு வாளியை அவரே குழாயடிக்குக் கொண்டுபோய் வைத்தார். மற்ற உடுப்பு இன்னும் கிணற்றில்தான். கடைசித் தண்ணீர் மட்டும் குழாயில் பிடிக்கிறோம்.

பூவந்தி மட்டக்களப்பில் இரண்டு கடையில் கேட்டேன், ஒன்றில் பழசாக, பூச்சி அரித்ததாக இருந்தது. கிடைத்ததை வைத்துச் செய்தேன். மகனின் சட்டை, நெப்பித் துணி, கட்டில் விரிப்பு எல்லாம் அதில்தான். நெப்பிக்கு மட்டும் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமும் தேய்க்கிறேன், இல்லாவிட்டால் வாடை முழுதாகப் போகவில்லை. என்னுடைய ஓர் ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும்: சவர்க்காரம் வாங்கப் போனபோது நான் பார்த்த பல பக்கற்றுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி இல்லை. வாசனை பற்றித்தான் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். ராத்தா சொன்ன அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் மகளின் கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்த்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்காவது பக்கற்றில்தான் அது இல்லை.

கழுத்துச் சிவப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. மருந்தை விடவில்லை, அடுத்த கிளினிக்கில் காட்டுவேன். ஆனால் போன கிழமை முழுக்கத் தலையணை உறையில் ஒரு பொட்டும் இல்லை. அதைப் பார்த்த காலையில் நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

சீருடைதான் முந்திய மாதிரி இல்லை, கொஞ்சம் பால் நிறமாக இருக்கிறது. கச்சேரியடியில் ஒரு கடையில் அந்த ஊதா விளக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். புதிதாக வாங்கி, பூவந்தியில் மட்டும் கழுவிய கைக்குட்டைகூட நீலமாகத்தான் எரிந்தது. சேர், துணி நெய்யும் இடத்திலேயே அந்தச் சாயத்தைப் போட்டுவிடுவார்களா? மகள் கேட்கச் சொன்னாள்.

காரைதீவு ஓய்வாசிரியர் எழுதியது:

ஆம் மகள், வெள்ளைத் துணிகளுக்கு ஆலையிலேயே போடுவது வழக்கம். கெட்டிக்காரப் பிள்ளை. அவளுடைய சட்டையை நல்ல வெயிலில் காயப் போடுங்கள், வெயிலும் வெளுக்கும்.

மருதமுனை ராத்தா எழுதியது:

பூச்சி அரித்ததை எறியுங்கள் தங்கச்சி. எங்களிடம் இந்த வருடக் காய் காய்ந்து இருக்கிறது. மகன் வியாழக்கிழமை மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வருகிறான், கல்லடிப் பாலத்தடியில் இறங்கித் தருவான். ஒரு கிலோ போதுமா?

கல்லடி அம்மா எழுதியது:

அரைக் கிலோ போதும் ராத்தா, பழசாக்கி வைக்க விருப்பமில்லை. வியாழக்கிழமை நானும் மகளும் பாலத்தடியில் நிற்போம். அவர் பிடித்த இறால் கொஞ்சம் தந்துவிடுகிறேன், உங்கள் மகனிடம் ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள்.