பாலாற்றங்கரையில் பசுமைப் பாதை கேட்டு மனு கொடுக்கப்போகிறோம், என்ன எழுதலாம்?

விருதம்பட்டு வாசி:

வணக்கம். நாங்கள் வேலூரில் காட்பாடி பக்கம் விருதம்பட்டுக் கரையில் இருப்பவர்கள். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கரையோரமாக நடைபாதை, நிழல் மரம், பெரியவர்கள் உட்கார இடம், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திறந்தவெளி என்று ஒரு பசுமைப் பாதை வேண்டும் என அடுத்த பகுதி சபாவில், அதாவது வார்டு மக்கள் கூட்டத்தில், மனு வைக்கலாம் என்று தெருவில் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது கரையில் போய் நிற்க முடியவில்லை. சீமைக்கருவேலம், கோழிக் கழிவு மூட்டை, இடித்த வீட்டுக் கல்மண். மாமியார் சொல்வார், கோடையில் மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பிக்கொண்டு வருவார்களாம், தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்குமாம்.

எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இளவட்டங்கள் அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரை மாதிரி சுவர் கட்டி, டைல்ஸ் போட்டு, விளக்கு வைக்கணும் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. மனுவில் என்ன கேட்பது, யார் யாரிடம் கருத்துக் கேட்டுவிட்டு எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர்:

அம்மா, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. சபர்மதியில் நீங்கள் பார்ப்பது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர், அதை வாசணா தடுப்பணையில் தேக்கி வைத்திருக்கிறார்கள். தென்கொரியாவில் சியோலில் 2005-ல் திறந்த சியோங்கேசியோன் ஓடையைப் படத்தில் காட்டுவார்கள், அழகாகத்தான் இருக்கும், அங்கேயும் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து தினமும் பம்பு வைத்து ஏற்றும் தண்ணீர். நமக்கு எங்கிருந்து ஏற்றுவது? பாலாறு நந்திமலைப் பக்கம் கிளம்பி கர்நாடகம், ஆந்திரா தாண்டி இங்கே வருகிறது, மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 நம் மாநிலத்தில், ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே தண்ணீர் இருக்காது. இது மணல் ஆறு. மேலே காய்ந்து கிடக்கும்போதும் அடியில் மணல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் மாமியார் தோண்டிய ஊற்று அதுதான். கரையெல்லாம் சிமெண்ட் பூசினால் பக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீரும் நின்றுவிடும், நடுவில் வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

ஆறு செத்துவிட்டது என்று நினைத்து ஓரத்தைச் சுருக்கிவிடவும் கூடாது. 1903 வெள்ளத்தில் வாணியம்பாடி என்ன ஆனது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் போனது. அடுத்த மாதமே திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலம் சேதமாகி நிறைய வண்டிகள் ரத்து. அந்தத் தண்ணீர் அடுத்த முறை வரும்போது எங்கே போகும் என்பதற்கு வரைபடத்தில் பதில் இருக்கணும், இல்லாத எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள்.

அதனால் மனுவின் முதல் வரியில் பூங்கா வேண்டாம். வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து சர்வே செய்து ஆற்றுப் புறம்போக்கின் எல்லைக்கல்லை ஊன்றித் தரச் சொல்லுங்கள். அது தெரியாமல் நடைபாதை போட்டால் அதுவும் ஓர் ஆக்கிரமிப்புதான்.

கன்சால்பேட்டை அக்கா:

சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆற்றுக்குள் என்ன இறங்குகிறது என்று யாரும் பேசவில்லையே. நிக்கல்சன் கால்வாய் எங்கள் பக்கமாகத்தான் போகிறது. கனமழை பெய்தால் சாக்கடையோடு வீட்டுக்குள் ஏறும், கட்டில் மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்போம். இந்த மாதிரி ஊருக்குள் ஓடும் கால்வாய்களைச் சரிசெய்யாமல் ஆற்றங்கரையில் புல்தரை போட்டால் அந்த நாற்றத்தில் யார் நடப்பது? பசுமைப் பாதை என்றால் அது கால்வாயிலிருந்து தொடங்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. முன்பு ஒரு திட்டத்துக்குக் கருத்துக் கேட்பு என்று கூப்பிட்டார்கள். வேலை நாள், காலை 11 மணி, ஏசி ஹால். திரையில் ஓடியது எல்லாம் ஆங்கிலம். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் விடியும்போதே ஏறிவிடுவார்கள், மீதிப் பேர் பீடி சுற்றுகிறார்கள், ஒரு நாள் போனால் கூலி போச்சு. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், டீ பிஸ்கட் சாப்பிட்டார்கள், மக்கள் ஒப்புதல் கிடைத்தது என்று எழுதிக்கொண்டார்கள். நீங்களும் அப்படிச் செய்துவிடாதீர்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தெருவுக்கு வாங்க.

பீஷான் பக்கம் இருந்தவன்:

நான் சிங்கப்பூரில் வேலை செய்தவன், ஊர் கே.வி. குப்பம். அங்கே பீஷான் பூங்கா ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டு சிமெண்ட் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. 2012-ல் அந்த சிமெண்டை உடைத்துவிட்டு, வளைந்து வளைந்து ஓடும் 3 கிலோமீட்டருக்கு மேலான இயற்கை ஆறாக மாற்றினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், பூங்காவே வெள்ளம் பரவும் இடம். சாதாரண நாளில் புல்வெளி, பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைப்பார்கள். பெருமழையில் ஆறு 100 மீட்டர் வரை விரிந்து அந்தப் புல்வெளியை எடுத்துக்கொள்ளும், மழை விட்டதும் திரும்பக் கொடுத்துவிடும். தண்ணீர் ஏறும்போது சைரன் அடிக்கும், விளக்கு எரியும். கரை சரியாமல் இருக்கச் செடி வேர்களையும் கல்லையும் வைத்தே பிடித்திருக்கிறார்கள், எந்த முறை தாங்குகிறது என்று முதலில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்கள்.

அவர்களுடைய மழை வேறு, பணம் வேறு, தெரியும். ஆனால் வெள்ளம் வந்தால் நனைந்து, வடிந்ததும் திரும்பப் பயன்படுகிற மாதிரி கட்டு என்பதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். மண் பாதை, கல் படிக்கட்டு, நீர்மருது, புங்கன், அத்தி, உள்பக்கம் நாணல். விளக்குக் கம்பம், கழிப்பறை, கடை எல்லாம் கரைக்கு வெளியே உயரத்தில்.

தோட்டப்பாளையம் தம்பி:

இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். அந்தக் கரை இப்போதும் காலியாக இல்லை. மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளைக்குத் தேரும் சாமியும் ஆற்றுக்குள்தான் இறங்குகின்றன, அன்றைக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுடுகாடு அங்கே இருக்கிறது, துணி வெளுப்பவர்கள் இருக்கிறார்கள், மாடு மேய்ப்பவர்கள், மணலில் கிரிக்கெட் ஆடும் பசங்க. கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனின் முத்துமண்டபம்கூட அந்தக் கரையில்தான், வெளியூர்க்காரர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? பூங்கா என்று வேலி போட்டு கேட்டைப் பூட்டிவிட்டால் இவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? தேர் இறங்கும் வழியில் ஒரு மரம்கூட நடக்கூடாது என்று கோயில்காரர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

கணியம்பாடிக்காரர்:

செய்ய முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் எங்கள் பக்கம் நாகநதியைப் போய்ப் பாருங்கள். நூறு நாள் வேலைப் பெண்கள்தான் ஓடைகளில் சிமெண்ட் உறை இறக்கி, மழைத்தண்ணீர் பூமிக்குள் போக உறைகிணறு போட்டார்கள். கிணறுகளில் தண்ணீர் ஏறியதை நான் பார்த்தேன். நடைபாதைப் பணத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்குப் போகட்டும். அப்புறம், தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே இழப்பீடு தரணும் என்று சொன்னதே, அந்த வழக்கைப் போட்டது நம் வேலூர்க் குடிமக்கள் அமைப்புதான். மனு கொடுத்து என்ன ஆகும் என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

விருதம்பட்டு வாசி:

எல்லோருக்கும் நன்றி. சபர்மதிப் பேச்சை எங்கள் தெருவில் நிறுத்தியாகிவிட்டது, ஓவர்சியர் சார் எழுதியதைப் பசங்களுக்கு வாசித்துக் காட்டினேன். மனுவில் இப்போதைக்கு எல்லைக்கல், கால்வாய்ச் சாக்கடையைத் தடுப்பது, வேலி இல்லாத மண் பாதை, தேர் இறங்கும் வழியும் சுடுகாட்டு வழியும் அப்படியே இருக்கணும், இவ்வளவும் எழுதியிருக்கிறோம். மரம் நடுவதற்கு முன்னால் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கணும் என்றும் சேர்க்கிறேன். அக்கா, உங்கள் தெருவுக்கு இந்த ஞாயிறு சாயந்திரம் வருகிறோம், பீடி சுற்றுகிற இடத்திலேயே உட்கார்ந்து பேசலாம். தம்பி, கோயில் தர்மகர்த்தாவிடமும் வெளுப்பவர்களிடமும் பேச நீங்கள் கூட வந்தால் நல்லது. சார், பழைய புல வரைபடத்தின் நகல் எங்கே கேட்டால் கிடைக்கும், தாலுகா ஆபீஸிலா?

பழைய ஓவர்சியர்:

தாலுகா ஆபீஸில் சர்வேயரிடம் முதலில் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், எந்த கிராமம், எந்தப் புல எண்கள் என்று குறிப்பிட்டு எழுதணும். வரைபடம் கையில் வந்ததும் சொல்லுங்கள், நானும் கூட வந்து கரையில் நடந்து பார்க்கிறேன்.