கூரைத் தண்ணிக் கட்டர் அடைச்சுக்கிச்சு, ஏறலாமா? (அவசரம்)

பால்மரத்தடி, மதியம் 1.10
வணக்கம். நேத்து மழையில தண்ணி ஹாலுக்குள்ளேயே வந்துருச்சு, கட்டர் அடைப்பு. எல்லாம் பால்மரத்து (ரப்பர்) இலைதான், மார்ச் மாசம்னா பின்னால இருக்கிற தோட்டமே மொட்டையாகி நம்ம கூரையில வந்து விழும். ஏணி இருக்கு. ஏறிச் சுத்தம் பண்ணலாமா? நாலு மணிக்கு மழை பிடிச்சுடும், சீக்கிரம் சொல்லுங்க.

காடி மெக்கானிக், 1.14
ஒத்த மாடியா ரெட்டை மாடியா? கூரை ஓடா தகரமா? ஏணி மரமா அலுமினியமா? ஒண்ணும் சொல்லாம ஏறலாமான்னா எப்படி லா.

கூரை ராஜா, 1.19
வருஷா வருஷம் இதே கேள்வி. பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துட்டுக் கேட்டா நல்லது தம்பி. இலை ஒரு காரணமே இல்லை. சரிவு சரியில்லை, அவ்வளவுதான். 10 அடி நீளத்துக்குக் கால் அங்குலமாச்சும் பைப் பக்கம் இறங்கணும். ஸ்பிரிட் லெவல் வச்சுப் பாருங்க.

செம்பருத்தி, 1.23
தண்ணி நெடுக வழியுதா, ஒரு மூலையில மட்டுமா? வீட்டுல கூட யாராச்சும் இருக்காங்களா?

லயத்துப் பேரன், 1.30
எங்க தாத்தா இருந்த எஸ்டேட் லயத்துல கட்டரே கிடையாது. கூரைத் தண்ணி நேரா கான் வாய்க்கால்ல விழும், ஓடிடும். கழட்டிப் போடுங்க, வேலை முடிஞ்சது.

காடி மெக்கானிக், 1.33
லயத்துக்கு முன்னால கான் இருந்துச்சு. தாமான் குடியிருப்பு வீட்டுல கழட்டினா தண்ணி பக்கத்து வீட்டுச் சுவத்துல அடிக்கும். அப்புறம் அவங்க வந்து வாசல்ல நிப்பாங்க.

கூரை ராஜா, 1.36
முதல்ல கட்டர்னு எழுதாதீங்க. தமிழ்ல பீலி.

லயத்துப் பேரன், 1.38
ஹார்ட்வேர் கடையில போய் பீலி கேளுங்கண்ணே. மயில் பீலி கிடைக்குதான்னு பார்ப்போம்.

கூரை ராஜா, 1.41
இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பாதித் தமிழ் போச்சு.

லயத்துப் பேரன், 1.42
ஸ்பிரிட் லெவலுக்குத் தமிழ் என்னண்ணே?

பால்மரத்தடி, 1.52
ஒத்த மாடி. அப்பா 1978-ல கட்டினது. வெள்ளை ஷீட், அலை அலையா இருக்கும். ஏணி அலுமினியம். நான் மட்டும்தான் இருக்கேன். பைப் இறங்குற மூலையிலதான் வழியுது.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன், 2.05
தம்பி, ஏணியை ஓரமா வைங்க. அந்தக் காலத்து வெள்ளை அலை ஷீட்டுன்னா அஸ்பெஸ்டாஸா இருக்கலாம். பழசானா ஆள் கனம் தாங்காது. கால் வச்சா தண்ணி வந்த வழியிலேயே நீங்களும் ஹாலுக்குள்ள இறங்குவீங்க. தேய்க்கவோ தண்ணி ஜெட் அடிக்கவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.

என்னைக்காவது ஏணி போட்டாலும் ஆள் ஒருத்தர் கீழ பிடிச்சுக்கணும். 12 அடி உயரம்னா அடிப்பக்கம் 3 அடி தள்ளி நிக்கணும். கட்டர் மேல சாய்க்காதீங்க, பிளாஸ்டிக் கட்டர் வழுக்கிவிட்டுடும். கம்பத்துலேர்ந்து வர்ற கரண்ட் வயர் எந்தப் பக்கம்னு பார்க்காம அலுமினிய ஏணியைத் தூக்கவே கூடாது. தூரத்துல இடி கேட்டாலே இறங்கிடணும்.

ஆனா உங்களுக்கு ஏற வேண்டிய வேலையே இல்லை. தண்ணி அந்த மூலை வரைக்கும் ஒழுங்கா வருது, அங்கேதான் நிக்குது. அடைப்பு இறங்கு பைப்புல. கீழேர்ந்து தட்டிக்கிட்டே போங்க, சத்தம் எங்கே மந்தமாகுதோ அங்கேதான். அடி வளைவைக் கழட்டி, தண்ணி ஹோஸைக் கீழேர்ந்து மேல விடுங்க. நேர் கீழ நிக்காதீங்க, எல்லாம் தலையில கொட்டும்.

கூரை ராஜா, 2.11
சரிவையும் பார்த்துடறது நல்லது.

செம்பருத்தி, 2.20
தேங்கின தண்ணியையும் விட்டுடாதீங்க. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிங்க வந்து ஜெந்திக்-ஜெந்திக் (கொசுப்புழு) கண்டுபிடிச்சா 1975 பூச்சி ஒழிப்புச் சட்டத்துல கம்பவுண்டு அபராதம்தான். எங்க வரிசையில ஒரு வீட்டுக்குப் பூச்சட்டித் தட்டுக்கே 500 மலேசிய வெள்ளி.

லயத்துப் பேரன், 2.24
பூச்சட்டிக்கா? அநியாயம்.

செம்பருத்தி, 2.26
ஏடிஸ் கடிச்சு டிங்கிக் காய்ச்சல் வந்து படுத்தவங்களைக் கேளுங்க அநியாயமான்னு.

காடி மெக்கானிக், மாலை 5.30
இங்கே பேராக், சுங்கை சிப்புட்ல மழை ஊத்துது. தம்பி என்ன ஆனாரு? மேல இருக்காரா?

பால்மரத்தடி, இரவு 9.40
மைனா கூடு. வளைவுல சிக்கியிருந்துச்சு, கூடவே பிஸ்கட் கவர். ஏறல. ஹால் காஞ்சிருக்கு. நன்றி ஃபோர்மேன் ஐயா.

கூரை ராஜா, இரவு 9.44
சரிவு?