சிதைவுப்பொருளா, திரிபுச்சேர்மமா?

அனைவருக்கும் வணக்கம். பூச்சிக்கொல்லி போன்ற கரிம மாசுகள் சூழலில் மாறி உருவாகும் புதிய சேர்மங்களுக்கு (transformation products) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> கரிம மாசு உடைந்து உருவாகும் புதிய சேர்மங்களைச் 'சிதைவுப்பொருள்' என்றே சொல்லலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். சிதைந்துவிட்டது என்று கேட்டதும் 'அப்பாடா, ஒழிந்தது' என்றுதான் தோன்றுகிறது. நடப்பது பல நேரம் வேறு. பூச்சிக்கொல்லியான டிடிடி (DDT) ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் இழந்து டிடிஇ (DDE) ஆகிறது. பறவை முட்டைகளின் ஓடு மெலிந்ததற்குக் கெட்ட பெயர் வாங்கியது டிடிடி. அந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்தது டிடிஇ.

டயர் விஷயம் இன்னும் மோசம். ரப்பரை ஓசோன் அரிக்காமல் இருக்க 6பிபிடி (6PPD) என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது தானே ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குவினோன் ஆகிவிடுகிறது. டயர் தேய்ந்த துகளிலிருந்து மழைநீர் வழியே ஓடைக்குப் போய்க் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வது இதுதான் என்று 2020இல் தெரியவந்தது. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமே பாதி மீன்களைச் சாகடிக்கப் போதும். மூலக்கூறு எடையைப் பாருங்கள்: 6பிபிடி 268, அதன் குவினோன் 298. இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. எடை கூடிய பொருளைச் சிதைவு என்று எப்படிச் சொல்வது?

> அப்படியானால் 'வளர்சிதைமாற்றப் பொருள்'?

நீளத்தை விடுங்கள். அது உயிருள்ள ஒன்றின் உடலுக்குள் நடப்பதை மட்டுமே குறிக்கும். மாசை மாற்றுகிறவற்றின் பட்டியலில் வெயில் இருக்கிறது, குடிநீரில் கலக்கும் குளோரின் இருக்கிறது, நீரோடு வினைபுரிந்து உடையும் வெறும் நீராற்பகுப்பும் இருக்கிறது. பாக்டீரியா செய்ததா, வெயில் செய்ததா என்று ஆய்வாளருக்கே தெரியாத கட்டத்திலும் பெயர் வேண்டும்.

> 'தாய்ச்சேர்மம் – சேய்ச்சேர்மம்' இணை அழகாக இருக்கிறது. கதிரியக்கப் பாடத்தில் ஏற்கெனவே பழகியதுதான்.

மாறுவதற்கு முன் இருந்த மூலப்பொருளுக்குத் தாய்ச்சேர்மம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எனக்கு முழுச் சம்மதம். சேய்தான் உதைக்கிறது. கதிரியக்கத்தில் சேய் மறுபடி தாயாவதில்லை. இங்கே ஆகிறது. மாடுகளின் வளர்ச்சிக்குக் கொடுக்கும் டிரென்போலோன் என்ற ஸ்டீராய்டின் எச்சங்கள் வெயிலில் நீர்மூலக்கூறை ஏற்று மாறுகின்றன. இருட்டில் அதை விட்டுவிட்டுப் பழைய உருவுக்கே திரும்புகின்றன. 2013இல் இது வெளியானபோது, பகலில் மட்டும் மாதிரி எடுத்தால் போதுமா என்ற கேள்வியே எழுந்தது.

சரி, என் முன்மொழிவு: திரிபுச்சேர்மம்.

புணர்ச்சி இலக்கணத்தில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பூங்கொடியில் ஓர் எழுத்து தோன்றுகிறது, பொற்குடத்தில் ஒன்று திரிகிறது, மரவேரில் ஒன்று கெடுகிறது. மாசுகளும் இப்படித்தான் மாறுகின்றன. கிருமிநாசினியான டிரைகுளோசான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்று மெத்தில் டிரைகுளோசான் ஆவது தோன்றல். களைக்கொல்லி அட்ரசினில் குளோரின் இருந்த இடத்தில் ஹைட்ராக்சில் வந்து உட்காருவது திரிதல். அதே அட்ரசின் தன் எத்தில் தொகுதியை உதிர்ப்பது கெடுதல். மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் தேடுகிறவர்கள் பார்ப்பதும் இதையேதான்: நிறை 14.016 கூடினால் மெத்தில், 15.995 கூடினால் ஆக்சிஜன், 28.031 குறைந்தால் எத்தில் போயிருக்கலாம். மூன்றையும் வேறுபடுத்தத் தமிழில் பெயர் தயாராகவே இருக்கிறது. மூன்றுக்கும் பொதுப்பெயராக விகாரம் என்றே வைக்கலாமே என்றால், இன்றைய காதுக்கு அது 'அசிங்கம்' என்று ஒலிக்கும். அதனால்தான் திரிபு.

முதலில் வினைத்தொகையாகத் 'திரிசேர்மம்' என்று வைக்கத்தான் ஆசை. திரிந்த, திரிகின்ற, திரியும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். கரைப்பானான டிரைகுளோரோஎத்திலீன் படிப்படியாகக் குளோரினை இழந்து, வழியில் புற்றுநோய் உண்டாக்கும் வினைல் குளோரைடாக நின்று, பிறகு எத்திலீன் ஆவது போன்ற தொடர்களுக்கு அது கச்சிதம். ஆனால் திரிபலா, திரிகடுகம் பழகியவர்கள் மூன்று சேர்மம் என்று படிப்பார்கள். வேதியியலில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

> திரிபு என்றால் வைரஸ் திரிபு நினைவுக்கு வராதா?

வரும். 'சேர்மம்' ஒட்டியிருப்பதால் ஏமாற மாட்டார்கள். சேர்வை என்று எழுதும் ஈழத்து நண்பர்கள் திரிபுச்சேர்வை என்று வைத்துக்கொள்ளலாம், தடையில்லை.

சிதைவு என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கரியமில வாயு, நீர், குளோரைடு என்று கடைசிவரை உடைந்தால் அதை முழுச்சிதைவு எனலாம். இதற்கு இப்போது புழங்கும் 'கனிமமாதல்' (mineralization) பாறையைத்தான் நினைவூட்டுகிறது.

ஒரு மாசு மாறிக்கொண்டே போகும் படிநிலைகளின் தொடருக்குத் 'திரிபுத்தடம்' என்று யோசித்திருக்கிறேன். கிளை பிரியும் இடங்களுக்குச் சொல் இன்னும் அகப்படவில்லை. 'கவை' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார், எனக்குப் பிடித்திருக்கிறது. தாவரவியலில் அது வேறு எதற்காவது ஏற்கெனவே புழங்குகிறதா என்று அந்தத் துறைக்காரர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.