பட்டு ஸ்கர்ட்டில் நிலக்காட்சி: தொடுவானக் கோடு தையலில் உடைகிறது

ஏ-லைன் ஸ்கர்ட் (இடுப்பில் குறுகி, கீழே விரிவது), நான்கு துண்டுகள். மலை, ஏரி, வானம் எல்லாம் ஸ்டீமில் நிலைக்கும் பட்டுச் சாயத்தில். தைத்த பிறகு ஏரிக்கரை ஒவ்வொரு தையலிலும் கீழே இறங்கி நிற்கிறது. வானத்தில் திட்டுத்திட்டாகக் கோடுகள் வேறு. என்ன செய்யலாம்?

தூரிகை:
ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டிருப்பீர்கள். ஏ-லைன் துண்டின் கீழ் ஓரம் வளைவு. தொடுவானமும் அதே வளைவில் போக வேண்டும். கீழ் ஓரத்திலிருந்து ஒரே உயரத்தை 5 செ.மீ.க்கு ஒரு புள்ளியாகக் குறித்து இணையுங்கள். உடுத்தும்போது மட்டமாகத் தெரியும். வெட்டும் முன்பே வரைவது நல்லது. வெட்டும் கோட்டைத் தாண்டி 2 செ.மீ. வண்ணம் போகட்டும், இல்லையென்றால் தையலில் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

கத்தரி:
துணியை முதலில் அலசி, பசையை எடுத்துவிட்டீர்களா? அது இருந்தால் சாயம் சீராக இறங்காது, பிறகு துணி சுருங்கி அளவும் கெடும்.

வானத்துக் கோடுகள், ஈரமும் காய்ந்ததும் சந்திக்கும் இடத்தில் வருபவை. முழு வானத்தையும் நீரால் நனைத்து, தேவையான சாயத்தை முன்பே கலந்துவைத்து, அகலத் தூரிகையால் நிறுத்தாமல் முடியுங்கள். காய்ந்த கோட்டின் மேல் மறுபடி பூசினால் இன்னும் மோசம்!

தூரிகை:
ஸ்டீம் செய்யும்போது அச்சிடாத தாளில் சுருட்டுங்கள், பட்டும் பட்டும் தொடக் கூடாது. மூடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் கறைதான். மேலே தடித்த துணி போடுங்கள்.

கேட்டவர்:
தைத்ததைப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா?

கத்தரி:
ஏரிக்கரையை முடியாது. அந்தத் தையல்கள் மேல் நாணல் புதர் வரைந்து மறைக்கலாம், துணியில் தீட்டும் பெயின்ட்டில்.